கிறிஸ்துமஸ் விருந்துக்கு ரம் பாகில் ஊறிய வெண்ணெய்க் கேக்

கிறிஸ்துமஸ் கேக் என்றதும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது, உலர்பழங்களை வாரக்கணக்கில் ரம்மிலோ பிராந்தியிலோ ஊறவைத்துச் செய்யும் கறுத்த பிளம் கேக்தான். இங்கே சொல்லப்போவது வேறு வகை. கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் ஆண்டிறுதி விருந்துகளுக்காகச் செய்யப்படும், பொன்னிறமான, வெண்ணெய் மணக்கும், ரம் கலந்த சர்க்கரைப்பாகை உள்வாங்கி மேற்புறம் மெருகேறி நிற்கும் வளைய வடிவக் கேக் இது. பழம் ஊறவைக்க வேண்டியதில்லை. விருந்துக்கு இரண்டு நாள் முன்னதாக ஒரு மாலைப்பொழுது கிடைத்தால் போதும். ஆனால் அந்த மாலைப்பொழுதில் பாகுக்குரிய நேரத்தைப் பாகுக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

மது மணம் தூக்கலாக இருக்கவேண்டும் என்பதற்காக மாவுக் கலவையிலேயே ரம்மைக் கூட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அதனால் பயன் குறைவு. ஆல்கஹால் ஏறத்தாழ 78 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கக்கூடியது. ஒரு மணி நேரம் வேகும் பண்டத்தில், சேர்த்த ஆல்கஹாலில் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணை குறிப்பிடுகிறது. அதனுடன் சேர்ந்து ரம்மின் மென்மையான மணங்களில் பெரும்பகுதியும் ஓவனிலேயே போய்விடும். மாவில் சேரும் ரம்முக்கு வேறு வேலை இருக்கிறது: மைதாவின் குளூட்டன் இழைகள் இறுகுவதை அது தடுப்பதால் கேக்கின் உள்பதம் மிருதுவாகிறது. உண்மையான மணம், வெந்து முடிந்த கேக்கில் அடுப்பிலிருந்து இறக்கிய பாகை ஊற்றும்போதுதான் ஏறுகிறது. ஆகவே இந்தக் கேக்கின் தரம், பாகின் பதத்தையும் அதை ஊற்றும் நேரத்தையும் அதைத் தாங்கும்படி கேக்கை அமைத்திருப்பதையும் பொறுத்தது என்பதே என் உறுதியான கருத்து. கீழே வரும் அளவுகள் அனைத்தும் அந்த நோக்கத்தோடு அமைந்தவை.

கேக்கின் வளைய வடிவத்துக்கும் இதில் பங்குண்டு. நடுவில் குழாயும் சுற்றிலும் ஆழமான மடிப்புகளும் கொண்ட பண்ட் டின்னை, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரப் பகுதியில் நார்டிக் வேர் நிறுவனத்தை நடத்திய டேவிட் டால்க்விஸ்ட் 1950ஆம் ஆண்டில் உருவாக்கினார். ஹடாசா என்ற யூத மகளிர் அமைப்பைச் சேர்ந்த சிலர், ஐரோப்பாவில் கூகெல்ஹொப்ஃப் என்னும் கேக்குக்குப் பயன்படும் பழைய அச்சைப் போன்ற ஒன்று வேண்டும் எனக் கேட்டதே அதற்குக் காரணம். 1966இல் பில்ஸ்பரி நிறுவனத்தின் சமையல் போட்டியில் இந்த டின்னில் செய்த சாக்லேட் கேக் ஒன்று இரண்டாம் பரிசு பெற்றதும், டின் நாடெங்கும் பரவியது. அடுத்த பத்தாண்டில் பொட்டலக் கேக் மாவையும் வனிலா புட்டிங் தூளையும் ரம்மையும் சேர்த்து இதில் வேகவைக்கும் முறை அமெரிக்க வீடுகளில் வழக்கமாயிற்று. பாகு ஊற்றும் கேக்குக்கு இந்த அச்சு பொருத்தமானது. நடுக்குழாய் இருப்பதால் மையப்பகுதி வேகாமல் நிற்பதில்லை. வெளிப்பரப்பு மிகுதியாக இருப்பதால் பாகு எல்லாப் பக்கமிருந்தும் இறங்குகிறது. வட்ட டின்னில் செய்தால், நடுப்பகுதி பாகு காணாமல் உலர்ந்தே இருக்கும்.

பொட்டலக் கேக் மாவு நமக்குத் தேவையில்லை. ஆனால் அந்த வனிலா புட்டிங் தூளின் வேலையைப் புரிந்துகொள்வது அவசியம். அதில் உள்ள மாவுச்சத்து, சூட்டில் நீரைப் பற்றிக்கொண்டு கூழாகி, பாகை ஊற்றிய பிறகும் கேக் கூழாகிச் சரிந்துவிடாமல் தாங்குகிறது. நம் கடைகளில் கிடைக்கும் வனிலா கஸ்டர்ட் பவுடர் பெரும்பாலும் சோள மாவுச்சத்தும் நிறமும் வாசனையும்தான் என்பதால் அதே வேலையைச் செவ்வனே செய்யும். அதை விட்டுவிட்டு மைதாவை மட்டும் கூட்டினால் கேக் கெட்டியாகும். பாகு மேலேயே தேங்கும்.

ரம்மைப் பொறுத்தவரை, கரும்புச் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து காய்ச்சி, மரப்பீப்பாயில் முதிரவைத்த கருநிற ரம்மே இதற்கு ஏற்றது. வெள்ளை ரம்மில் காரம் இருக்கும்; கேக்குக்கு வேண்டிய வெல்லமும் வனிலாவும் கலந்த மணம் இருக்காது. ஜமைக்கா ரம் பழுத்த வாழைப்பழத்தை நினைவூட்டும் அழுத்தமான மணம் கொண்டது. அது கிடைத்தால் சிறப்பு. இந்தியாவில் 1954 முதல் விற்பனையில் உள்ள ஓல்ட் மங்க் போன்ற 42.8 சதவீத ஆல்கஹால் கொண்ட கருநிற ரம்மும் நன்றாகவே பொருந்துகிறது. 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட கடும் ரம் வகைகளைத் தவிர்ப்பது நல்லது. அவை பாகில் எரிச்சலைத் தருவதோடு தீப்பிடிக்கும் அபாயத்தையும் கூட்டுகின்றன. இந்த மதுவின் பின்னால் கரும்புத் தோட்டங்களின் துயர வரலாறு இருப்பதை மறக்கக் கூடாது. அடிமைகளின் உழைப்பில் எழுந்த அந்தத் தோட்டங்களுக்கு, அடிமைமுறை ஒழிந்தபின், மார்த்தினிக், குவாடலூப் தீவுகளில் 1850களில் தொடங்கிப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழ்த் தொழிலாளர்களும் கப்பலேற்றப்பட்டார்கள்.

இனி அளவுகளுக்கு வருவோம். சுமார் 2.4 லிட்டர் கொள்ளளவுள்ள பண்ட் டின் ஒன்றுக்கு, மைதா 270 கிராம், வனிலா கஸ்டர்ட் பவுடர் 40 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரை தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், வாசனையற்ற சமையல் எண்ணெய் 70 மில்லிலிட்டர், சர்க்கரை 280 கிராம், முட்டை நான்கு, பால் 120 மில்லிலிட்டர், ரம் 120 மில்லிலிட்டர், வனிலா எசன்ஸ் இரண்டு தேக்கரண்டி ஆகியவை வேண்டும். அச்சின் அடியில் தூவ, பொடியாக நறுக்கிய முந்திரியோ வால்நட்டோ 80 கிராம் எடுத்துக்கொள்ளலாம். பாகுக்குச் சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 80 மில்லிலிட்டர், வெண்ணெய் 110 கிராம், ரம் 120 மில்லிலிட்டர், உப்பு ஒரு சிட்டிகை. உப்பிட்ட வெண்ணெய் மட்டுமே கிடைக்கிறதென்றால் இரண்டு இடத்திலும் உப்பை விட்டுவிட வேண்டும். வெண்ணெயோடு எண்ணெயும் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: வெண்ணெய் சுவையைத் தருகிறது, ஆனால் ஆறியதும் இறுகுகிறது, எண்ணெய் இறுகாமல் நின்று, நான்காம் நாளிலும் கேக்கை மிருதுவாக வைத்திருக்கிறது.

பண்ட் டின்னின் மடிப்புகளில் கேக் ஒட்டிக்கொண்டால் பிறகு செய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை. ஆகவே அச்சைத் தயாரிப்பதில் சலிப்புக் கூடாது. உருக்கிய வெண்ணெயைத் தூரிகையால் ஒவ்வொரு மடிப்பிலும் நடுக்குழாயின் மேல்வரையிலும் தடவி, நன்றாக அரைத்த முந்திரித் தூளையோ மைதாவையோ தூவி, அச்சைத் தட்டி மிகுதியைக் கொட்டிவிட வேண்டும். இதை முன்கூட்டியே செய்து வைத்தால் வெண்ணெய் வழிந்து அடியில் சேர்ந்துவிடும் என்பதால், மாவுக் கலவை தயாரான பிறகே செய்ய வேண்டும். அதன் பிறகு நறுக்கிய பருப்பை அடியில் பரப்பலாம்.

கலவையைத் தொடங்குமுன் ஓவனை 165 டிகிரி செல்சியஸில் சூடேற்றி வைக்க வேண்டும். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைப் படிகங்கள் வெண்ணெயில் நுண்ணிய காற்றுக்குமிழிகளை உண்டாக்குகின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழியை உருவாக்குவதில்லை, இந்தக் குமிழிகளைத்தான் பெரிதாக்குகிறது. வெண்ணெய் ஏறத்தாழ 18 முதல் 20 டிகிரி வரை, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும்படி, ஆனால் எண்ணெய் கசியாதபடி இருந்தால்தான் அந்தக் காற்று நிற்கும். நம் ஊர் சமையலறையில் டிசம்பரிலும் 28 டிகிரி சாதாரணம் என்பதால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் துண்டுகளாக்கிப் பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே அடிக்கத் தொடங்குவதும், இடையில் கலவை இளகுவதாகத் தெரிந்தால் கிண்ணத்தைச் சற்று நேரம் குளிர்பெட்டியில் வைப்பதும் நல்லது. மின்சார பீட்டரில் ஏழு அல்லது எட்டு நிமிடம் அடித்தால் மஞ்சள் நிறம் வெளுத்து, கலவை பொங்கிவரும்.

பின்னர் எண்ணெயை மெல்லிய தாரையாக ஊற்றி அடிக்க வேண்டும். அறைச் சூட்டில் உள்ள முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒன்று முழுதும் கலந்த பின்னரே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். கலவை திரிவது போலத் தோன்றினால் இரண்டு தேக்கரண்டி மைதாவைச் சேர்த்தால் கூடிவரும். மைதா, கஸ்டர்ட் பவுடர், பேக்கிங் பவுடர், உப்பு ஆகியவற்றை இரண்டு முறை சலித்து, அதில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு பால், மறுபடியும் ஒரு பங்கு, பிறகு ரம்மும் வனிலாவும், கடைசியாக மீதி மாவு என்ற வரிசையில் பீட்டரை மிகக் குறைந்த வேகத்தில் வைத்துக் கலக்க வேண்டும். பாலையும் ரம்மையும் ஒரே கோப்பையில் ஊற்றினால் பால் திரியக்கூடும் என்பதால்தான் இப்படிப் பிரித்துச் சேர்ப்பது. மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

கலவை அச்சில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிறையக் கூடாது. சிறிய ஓ.டி.ஜி. ஓவனில் வேகவைப்பவர்கள் அச்சை மிகத் தாழ்ந்த தட்டில் வைக்க வேண்டும். பண்ட் டின் உயரமானது என்பதால் மேல் கம்பியின் சூடு நேரடியாகப் பட்டு, உள்ளே வேகுமுன் மேலே கருகிவிடும். நாற்பது நிமிடத்துக்கு முன்பே மேற்புறம் நன்கு சிவந்துவிட்டால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடலாம். 55 முதல் 65 நிமிடத்தில், நீண்ட குச்சியைக் குழாய்க்கும் விளிம்புக்கும் நடுவே குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டாமல் வரவேண்டும். விளிம்பு அச்சை விட்டு விலகத் தொடங்கியிருக்கும். அரைகுறையாக வெந்த கேக்கில் பாகை ஊற்றினால் அது களியாகிவிடும். ஆகவே ஐயம் இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் வேகவிடுவதே பாதுகாப்பு.

கேக் ஓவனிலிருந்து இறங்கப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது பாகைத் தொடங்கினால் இரண்டும் ஒன்றாகத் தயாராகும். பொங்கி வழியாதபடி, பாகின் அளவைப்போல் மூன்று மடங்கு கொள்ளும் கனமான பாத்திரத்தை எடுத்து, சர்க்கரையையும் தண்ணீரையும் மிதமான தீயில் கரையவிட வேண்டும். சர்க்கரை முழுதும் கரைந்து கொதி வந்தபின் கரண்டியைப் போடாமல் மூன்று அல்லது நான்கு நிமிடம் கொதித்தால், விரலில் தொட்டு இழுத்துப் பார்க்கும்போது பிசுபிசுக்கும், ஆனால் கம்பி இன்னும் நிற்காது. அந்த இடத்தில் வெண்ணெயையும் உப்பையும் சேர்த்து, கலக்கிக்கொண்டே மேலும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துவிட வேண்டும். கம்பிப் பதம் கடந்துவிட்டதாகத் தோன்றினால் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் சேர்த்து இளக்கிக்கொள்ளலாம்.

இப்போது பாகில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைக்க வேண்டும். அதுவே பிறகு மேற்பூச்சாகப் போகிறது. பாத்திரத்தை அடுப்பிலிருந்து விலக்கி, அருகில் எந்தச் சுடரும் இல்லாத மேடையில் வைத்து, இரண்டு மூன்று நிமிடம் கொதியடங்கிய பிறகு 105 மில்லிலிட்டர் ரம்மைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். ரம்மின் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது. எரியும் கேஸ் அடுப்பின் மேலேயே புட்டியிலிருந்து ஊற்றுவது பெரும் ஆபத்து. முதலில் ஓர் அளவுக்கோப்பையில் எடுத்துக்கொண்டு, புட்டியை மூடி அப்பால் வைத்துவிட வேண்டும். சூடான பாகில் ரம் விழும்போது நுரைத்துப் பொங்கும், ஆகவே முகத்தைத் தள்ளியே வைத்திருக்க வேண்டும். தனியே வைத்த கிண்ணத்தில், மீதி 15 மில்லிலிட்டரை மட்டும் சேர்க்க வேண்டும். இப்படி இரண்டாகப் பிரிப்பதால், ஒன்று நீர்த்து உள்ளே இறங்கும் பாகாகவும் மற்றது கெட்டியாக மேலே நின்று மின்னும் பூச்சாகவும் அமைகின்றன. ஒரே பாகை இரண்டுக்கும் பயன்படுத்தினால், ஒன்று உள்ளே இறங்காது, அல்லது மெருகு வராது.

ஓவனிலிருந்து எடுத்த கேக்கை அச்சிலேயே பத்து நிமிடம் விட்டு, நீண்ட மெல்லிய குச்சியால் அடிவரை செல்லும்படி ஒரு விரற்கடை இடைவெளியில் துளைகள் இட வேண்டும். குலாப் ஜாமுனைப் போலவே இதிலும் இரு பக்கமும் சூடாக இருந்தால்தான் பாகு ஏறும். முழுதும் ஆறிய கேக் பாகை மேலேயே நிறுத்திவிடும். ஆனால் ஒரேயடியாக ஊற்றுவது தவறு. வெண்ணெய் மேலே மிதக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் கலக்கி, மூன்று நான்கு கரண்டி ஊற்றி, அது மறைந்தபின் அடுத்ததை ஊற்ற வேண்டும். இதற்குக் கால் மணி நேரம் ஆகும். பாதிக்குச் சற்றே கூடுதலான பாகு இப்படி அச்சில் இருக்கும்போதே இறங்க வேண்டும். மிச்சம், கவிழ்த்த பிறகு மேற்புறத்துக்கு.

அடுத்த இருபது நிமிடத்தில் கேக்கைக் கவிழ்த்துவிட வேண்டும். அதற்குமேல் தாமதித்தால் அச்சின் அடியில் தங்கிய பாகு இறுகி, கேக்கைப் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். அப்படி நேர்ந்தால் கத்தியால் நெம்பாமல், அச்சை 150 டிகிரி ஓவனில் நான்கைந்து நிமிடம் வைத்துப் பாகை இளக்கிய பிறகு கவிழ்த்தால் எளிதாக இறங்கும். தட்டை அச்சின் மேல் வைத்து இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பி, ஒரு நிமிடம் அப்படியே விட்டு, பிறகு அச்சைத் தூக்க வேண்டும். மிச்சமுள்ள நீர்த்த பாகைத் தூரிகையால் எல்லாப் பக்கமும் ஒற்றித் தடவ வேண்டும். கேக் வெதுவெதுப்பாக ஆறியபின், கெட்டியான பாகை உச்சியிலிருந்து மெல்ல ஊற்றினால் மடிப்புகளின் வழியே வடிந்து படியும். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து சில மணி நேரத்தில் மெல்லிய, நொறுங்கும் மேல்தோடாக மாறும். இதற்குமேல் ஐசிங் சர்க்கரையைக் குழைத்து ஊற்றுவோரும் உண்டு. என் பார்வையில் அது தேவையற்றது. ஏற்கெனவே இனிப்பு போதுமான அளவு இருக்கிறது, வெள்ளைப் பூச்சு ரம்மின் மணத்தையும் மழுங்கச் செய்கிறது.

செய்த அன்றே வெட்டினால் வெளிப்புறத்தில் மதுவின் காரமும் உட்புறத்தில் வெறும் வெண்ணெய்ச் சுவையும் தனித்தனியாக நிற்கும். மூடிய பெட்டியில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் வைத்தால் பாகு மையம்வரை பரவி, காரம் தணிந்து, சுவை ஒன்றுபடும். விருந்து 25ஆம் தேதி நண்பகல் என்றால் 23ஆம் தேதி மாலை வேகவைப்பது சரியாக இருக்கும்.

பரிமாறுவோர்க்கு ஒரு கடமை உண்டு. கொதிக்கும் பண்டத்தை இறக்கிவைத்து அதில் மதுவைச் சேர்த்தால் ஆல்கஹாலில் ஏறத்தாழ 85 சதவீதம் தங்கிவிடும் என்று அதே அட்டவணை சொல்கிறது. அந்தக் கணக்கில், மேற்சொன்ன அளவில் செய்த கேக் முழுவதிலும் சுமார் 57 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால் இருக்கும். பதினாறு துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டில் ஏறத்தாழ மூன்றரை மில்லிலிட்டர். 30 மில்லிலிட்டர் ரம்மில் உள்ளதில் இது கால் பங்குக்குச் சற்று அதிகம். ஆகவே குழந்தைகள், கருவுற்ற பெண்கள், மதுவை விட்டு மீண்டு வருபவர்கள், சமய நெறியால் மதுவைத் தொடாதவர்கள், மது சேரக்கூடாத மருந்து உண்பவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றதன்று. வேகும்போது எல்லாம் ஆவியாகிவிடும் என்று சொல்லி அவர்களிடம் தட்டை நீட்டக் கூடாது. கேக்கின் அருகில் தெளிவாக ஒரு சீட்டு எழுதிவைத்து, அவர்களுக்கென அதே கேக்கை ரம்முக்குப் பதிலாக ஆரஞ்சுச் சாறும் ஏலக்காயும் சேர்த்துத் தனி அச்சில் செய்து வைப்பதே பண்பு. ரம் எசன்ஸ் பயன்படுத்துவதானால், அதிலும் ஆல்கஹால் கலந்திருக்கக்கூடும் என்பதால் புட்டியின் மேல் உள்ள விவரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

வெட்டுவதற்கு ரம்பப்பல் கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துப் பயன்படுத்தினால் மேல்தோடு சிதறாது. இனிப்பே சேர்க்காமல் அடித்த க்ரீமோ, சர்க்கரை போடாத கட்டங்காப்பியோ இதற்குப் பொருத்தமான துணை. காற்றுப் புகாத பெட்டியில் அறைச் சூட்டிலேயே நான்கு நாள் வைக்கலாம். குளிர்பெட்டியில் வைத்தால் மாவுச்சத்து விரைவில் இறுகிக் கேக் பழையதுபோல் ஆகிவிடும், வெண்ணெய்ப் பூச்சும் மெழுகாக உறையும். நெடுநாள் வேண்டுமென்றால் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் இறுக்கமாகச் சுற்றி உறைபெட்டியில் வைத்தால் இரண்டு மாதம்வரை நன்றாக இருக்கும். வெளியே எடுத்த துண்டின் சுற்றுத்தாளைப் பிரிக்காமல் இரண்டு மணி நேரம் விட்டால், காற்றின் ஈரம் தாளின் மேலேயே படிந்துவிடும், மெருகு கரையாது.